முன்னறை உட்பட

இடது கன்னத்தை முடித்ததும் எதிர்க்கடைக்காரர் கத்தியைத் துண்டின் மேல் வைத்துவிட்டு எழுந்தார். கட்டிலில் கிடந்தவரின் வலது கன்னத்தில் நுரை அப்படியே இருந்தது.

“என்னாச்சுண்ணே?” என்றாள் அக்கா. அவள் கையில் வெந்நீர்ப் பாத்திரம்.

“முடியலம்மா. மீதியைத் தம்பி பண்ணட்டும்.”

தம்பி என்று அவர் சொன்னது, கதவில் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டு நின்ற சலூன்காரனை. செத்துப்போன தபால்காரரின் ஒரே மகன். சொந்த அப்பாவுக்கு இன்னொரு கடைக்காரர் சவரம் செய்வதை வேடிக்கை பார்க்க மட்டும்தான் அவனுக்கு அனுமதி. தன் முகத்தை எதிர்க்கடைக்காரர்தான் தொட வேண்டும், மகன் கை படக் கூடாது என்று தபால்காரர் போன வாரமே மகளிடம் சொல்லி வைத்திருந்தார். அன்று அவருக்குத் தண்ணீர் கேட்கக்கூட வாய் திறக்க முடியவில்லை. இதைச் சொல்ல மட்டும் திறந்தது.

“அப்பா உங்களைத்தானே சொன்னாங்க,” என்றாள் அக்கா.

“சொன்னாரும்மா. அவர் சொன்னதையெல்லாம் கேட்டுக் கேட்டுத்தான் நான் இந்தக் கதிக்கு வந்திருக்கேன்.”

அவர் ஜன்னலோரம் போய்த் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார். நுரை ஓரங்களில் காய ஆரம்பித்திருந்தது. பாதிச் சவரத்தில் ஒருவரை விட்டுவிட்டுப் போவது எந்தக் கடையிலும் இல்லாத வழக்கம். சலூன்காரன் கைக்கட்டை அவிழ்த்து ஓர் அடி உள்ளே வைத்தான்.

“இருடா,” என்று அக்கா குறுக்கே வந்தாள். “உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். கத்தி கையில இருக்கறப்ப சொல்ற விஷயம் இல்ல அது.”

அவர்கள் அப்பாவை எல்லோரும் மீசைத் தபால் என்றுதான் சொல்வார்கள். சைக்கிள் தெரு முனையில் திரும்பும்போது ஆளுக்கு முன்னால் மீசை தெரியும் என்று கேலி பேசுவார்கள். மகனுக்கு மூன்று வயதில் விஷக் காய்ச்சல் வந்தது. டாக்டர் கைவிரித்த பிறகு, ஆஸ்பத்திரி நடைவழியில் முழங்காலில் நின்று, ஆண்டவரே, இவன் பிழைத்தால் உம்முடைய ஊழியத்துக்குத் தந்துவிடுகிறேன் என்று அவர் பொருத்தனை பண்ணினார். பிள்ளை பிழைத்துக்கொண்டான். அன்றிலிருந்து அவன் என்னவாக வேண்டும் என்று அவனிடம் ஒருவரும் கேட்கவில்லை.

பத்தொன்பது வயதில் வேதாகமக் கல்லூரியில் கொண்டுபோய் விட்டார். அங்கே பிரசங்கம் பண்ண எழுந்தால் அவனுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஆனால் விடுதியில் ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பு தலை சீராக வேண்டியவர்கள் எல்லோரும் அவன் அறை வாசலில் வரிசையில் நிற்பார்கள். கத்தரிக்கோல் பிடித்தால் அவனுக்குத் தடுமாற்றமே கிடையாது. இரண்டாம் வருடம் பாதியில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீடு வந்து, “நான் சலூன் வைக்கப் போறேன்ப்பா,” என்றான். அதுதான் அப்பாவும் மகனும் கடைசியாகப் பேசியது. அதுவும் அவன் மட்டும் பேசியது.

வீட்டின் முன்னறையை அப்பாவிடம் சொல்லிக் கடைக்கு வாங்கிக் கொடுத்தது அம்மா. அவள் இருந்தவரை அவள் பேச்சுக்கு வீட்டில் மறுபேச்சு கிடையாது. அவள் போன மறுவாரமே, கடைக்கும் வீட்டுக்கும் நடுவே இருந்த கதவை மறைத்து இரும்பு பீரோவை நகர்த்திவைத்தார் தபால்காரர். அதோடு விட்டாரா? எதிர்ச் சாரியில் இருந்த சலூனுக்குப் போக ஆரம்பித்தார். சனிக்கிழமை பத்து மணி. பின்வாசல் வழியாகப் போய், சந்து வழியாகச் சுற்றிவந்து, மகன் கடைக்கு நேர் எதிரே நின்று, மீசையை ஒரு தரம் நீவிவிட்டுத்தான் உள்ளே நுழைவார். சலூன்காரனின் கண்ணாடியில் வாடிக்கையாளரின் தலைக்கு மேலே எதிர்க்கடை முழுவதும் தெரியும். பதினெட்டு வருடச் சனிக்கிழமைகள், வேறு யாருடைய தலையையோ வெட்டிக்கொண்டே, அப்பா வேறொருவர் நாற்காலியில் நுரையோடு உட்கார்ந்திருப்பதை அவன் பார்த்தான். கண்ணாடியை எதிர்ச்சுவருக்கு மாற்றியிருக்கலாம். மாற்றினால் அவர் ஜெயித்ததாக ஆகிவிடும் என்று மாற்றவில்லை.

அக்கா பீரோவைத் திறந்து ஒரு பழுப்பு உறையை எடுத்துக் கொடுத்தாள்.

“உயில். எனக்கு ஒரு மாசமாத் தெரியும். யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு பைபிள் மேல கை வைக்கச் சொன்னாரு.”

வக்கீல் நடையில் ஒரே பக்கம். வீடும் மனையும், தெருவைப் பார்த்த முன்னறை உட்பட, சபையின் ஊழியத்துக்கு. சுவிசேஷப் பணிக்கு வரும் இளைஞர்கள் தங்கிப் படிக்கும் இல்லமாக இருக்க வேண்டும். முன்னறையில் இருப்பவர் மூன்று மாதத்துக்குள் காலி செய்து தர வேண்டும். ‘இருப்பவர்’ என்றுதான் இருந்தது. மகன் என்று இல்லை.

“உனக்கு?”

“எனக்கென்ன, ஆஸ்பத்திரியில வேலை இருக்கு, குவார்ட்டர்ஸ் இருக்கு. நானா கேட்டேன்? வீடு கர்த்தருக்குப் போறதுல எனக்கு வருத்தம் இல்லடா. நல்ல காரியம்தான். ஆனா அவர் நல்ல காரியத்துக்காகவா எழுதினாரு?” அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். “ஒரு கடிதாசியும் எழுதி ஒட்டி பாஸ்டர்கிட்ட குடுத்திருக்காரு. அடக்க ஆராதனையில எல்லார் முன்னாடியும் வாசிக்கணுமாம். என்ன எழுதியிருக்காருன்னு தெரியாது. நீயே ஊகிச்சுக்கோ.”

வெளியே பெட்டி கொண்டுவந்த வண்டிச் சத்தம் கேட்டது. அவள் பாத்திரத்தை அவன் பக்கம் நகர்த்திவிட்டுப் போனாள்.

சலூன்காரன் ஸ்டூலில் உட்கார்ந்தான். வெந்நீரில் மணிக்கட்டை வைத்துச் சூடு பார்த்தான். பார்த்த பிறகுதான், யாருக்குச் சுடப்போகிறது என்று தோன்றி, தன் மேலேயே எரிச்சல் வந்தது. நுரையை மறுபடி நனைத்து, வலது காதிலிருந்து கத்தியை இறக்கினான். உயிருள்ள தோல் கத்திக்கு எதிராகச் சற்று நிற்கும். இது நிற்கவில்லை. இழுத்த பக்கமே போய் அங்கேயே இருந்தது. வெட்டுப்பட்டால் ரத்தம் வராது. ஆனால் காய்ந்து பழுப்புக் கோடாகத் தெரியும் என்று கல்லூரிப் பக்கத்து ஆஸ்பத்திரிப் பணியாள் ஒருவர் எப்போதோ சொல்லியிருந்தார். அவன் மெதுவாகவே செய்தான்.

“உனக்கு வீடு போச்சு,” என்றார் எதிர்க்கடைக்காரர், ஜன்னலைப் பார்த்தபடியே. “எனக்கு என்ன போச்சுன்னு தெரியுமா தம்பி?”

இருவரும் பதினெட்டு வருடத்தில் பேசிக்கொண்டது விரல் விட்டு எண்ணக்கூடிய வார்த்தைகள்தான்.

“சொல்லுங்கண்ணே.”

“என் பையன். அடுத்த மாசம் வேதாகமக் கல்லூரிக்குப் போறான். உங்கப்பா ஏற்பாடு. இந்த வீட்டுல தங்கப்போற முதல் ஆளு அவன்தான். பேர் சொல்லி சபைக்குத் தனியா எழுதிக் குடுத்திருக்காராம். நேத்துதான் பாஸ்டர் வந்து, சந்தோஷமான சேதின்னு சொல்லிட்டுப் போனாரு.”

கத்தி நின்றது.

“சனிக்கிழமை சனிக்கிழமை நான் நுரை போட, இவர் கண்ணை மூடிக்கிட்டு என் பையன்கிட்ட வசனம் சொல்லிக்கிட்டிருப்பாரு. பெரியவர் நல்லதுதானே சொல்றாருன்னு நானும் விட்டுட்டேன். ஒத்தப் பிள்ளை தம்பி. என்னைவிட நல்ல கை. கடையைப் பெருசாக்கணும், இன்னும் ரெண்டு நாற்காலி போடணும்னு அவன்தான் சொல்லிக்கிட்டிருந்தான்.” அவர் திரும்பினார். கண் சிவந்திருந்தது. “உங்கப்பாவை என் நாற்காலியில உக்கார வச்சிருக்கேன்னு இத்தனை வருஷம் நெஞ்சை நிமிர்த்திக்கிட்டுத் திரிஞ்சேன். உன்னைப் பாத்து உள்ளுக்குள்ள சிரிச்சிருக்கேன். கடைசியில என் வீட்டுக்குள்ள புகுந்து உக்காந்திருக்காரு மனுஷன். அதான் இன்னிக்கு இடது பக்கம் முடிச்சுட்டு வலது பக்கம் போறப்ப எழுந்துட்டேன். கத்தியை என்ன பண்ணுவேன்னு எனக்கே பயமா இருந்துச்சு.”

சலூன்காரனுக்குச் சிரிப்பு வந்தது. அடக்க முடியாமல் ஒரு தரம் சிரித்தும்விட்டான். எவ்வளவு பொறுமை! தான் பெற்றவன் கத்தரிக்கோலைத் தூக்கிக்கொண்டு போனான் என்பதற்காக, ஒரு கத்தரிக்கோல்காரரின் பிள்ளையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கி, அவனை இவன் இடத்திலேயே கொண்டுவந்து உட்கார வைத்திருக்கிறார். அதற்கு ஊழியம் என்று பெயர். ஆராதனை வைத்து வாசிக்கவும் ஆள் பிடித்துவிட்டார். சிரிப்பு போன இடத்தில் கோபம் வந்து நின்றது. பதினெட்டு வருடக் கோபம்; செத்த முகம் என்றெல்லாம் அது பார்க்கவில்லை. உயிரோடு இருந்தால் கூச்சல் போடலாம், கோர்ட்டுக்குப் போகலாம், தெருவில் நின்று கேட்கலாம். இப்போது என்ன செய்வது? இவர் பெட்டிக்குள் மீசையோடு மாப்பிள்ளை மாதிரி படுத்துக்கொண்டு, தன் கடிதத்தைத் தானே கேட்டு ரசிப்பார். இவன் எல்லோர் முன்னாலும் தலையைக் குனிந்துகொண்டு நிற்க வேண்டும்.

அவன் பிரஷ்ஷை நனைத்துச் சோப்பில் நன்றாகச் சுழற்றினான். நுரை பொங்கி வந்தது. அதை அப்பாவின் மீசை மேல் வைத்தான்.

“தம்பி,” என்றார் எதிர்க்கடைக்காரர்.

அவன் நிமிரவில்லை.

“தம்பி, அது மீசை.”

“தெரியுது.”

எதிர்க்கடைக்காரர் கதவைப் பார்த்தார். கட்டிலைப் பார்த்தார். பிறகு வந்து கட்டிலுக்கு அந்தப் பக்கம் மண்டியிட்டு, இரண்டு விரலால் மூக்கு நுனியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

“ஆரம்பிச்சா நடுவுல நிறுத்தக் கூடாது. பாதியில நின்னா அசிங்கமாப் போயிடும்,” என்றார்.

வலது முனையிலிருந்து இடதுக்கு. எத்தனையோ வருடம் மெழுகு தடவி முறுக்கிய முடி, கரகரவென்று வந்தது. ஒவ்வோர் இழுப்பிலும் அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது, அதைச் சொல்ல அவன் வெட்கப்படவும் இல்லை. இது பீரோவை நகர்த்தியதற்கு. இது சந்தைச் சுற்றிப் போனதற்கு. இது அம்மாவின் வார்த்தையைக் குழி தோண்டிப் புதைத்ததற்கு. இது முன்னறை உட்பட என்று எழுதியதற்கு. நடுவில் மூக்குக்குக் கீழே குழியான இடம் வந்தபோது மட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டான்.

ஈரத் துண்டால் துடைத்ததும் இருவரும் குனிந்து பார்த்தார்கள்.

அப்பாவின் மேலுதடு குட்டையாக இருந்தது. நடுப்பள்ளம் நேராக இல்லாமல் இடது பக்கம் சற்றுச் சாய்ந்திருந்தது. சலூன்காரன் அந்த உதட்டை முன்பின் பார்த்ததில்லை. அவன் பிறப்பதற்கு முன்பே அதை மீசை மூடிவிட்டது. ஆனால் தினமும் காலையில் கடை திறந்ததும் தனக்குத்தானே சவரம் செய்துகொள்ளும்போது, கண்ணாடியில் இதே உதட்டின் இதே கோணல் பள்ளத்தில்தான் கத்தியைத் திருப்பித் திருப்பி வைப்பான்.

“அட,” என்றார் எதிர்க்கடைக்காரர். அப்பாவைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். பிறகு தண்ணீரைக் கொட்டப் போனார்.

அக்கா திரும்பி வந்து கட்டிலருகே நின்றாள். அப்பாவின் முகத்தைக் குனிந்து பார்த்தாள்.

“என்னடா பண்ணி வச்சிருக்க?”

“சவரம்.”

“பாவி. உன்னைப் படுக்க வச்ச மாதிரி இருக்குடா.”

மூன்று மணிக்குச் சபைக் கோயிலில் ஆராதனை. பெட்டியைப் பீடத்துக்குக் கீழே, இரண்டு பெஞ்சு வரிசைக்கும் நடுவே வைத்திருந்தார்கள். தலைமாட்டில் ஒரு பக்கம் சலூன்காரனும் அக்காவும். மறுபக்கம் எதிர்க்கடைக்காரர், அவரை அங்கே யாரும் நிற்கச் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை. ஜனங்கள் வரிசையாக வந்து பெட்டிக்குள் குனிந்தார்கள். குனிந்தவர்கள் எல்லோரும் உடனே நிமிர்ந்து சலூன்காரன் முகத்தைப் பார்த்தார்கள். மறுபடி குனிந்தார்கள். மீசையைக் காணாமல் சபையே திகைக்கும், மனுஷன் மானம் போகும் என்றுதான் அவன் கணக்குப் போட்டிருந்தான். அவர்கள் திகைத்தது வேறு எதற்கோ. பெட்டிக்குள்ளே தன்னையே வைத்து எல்லோருக்கும் காட்டுவது போல் இருந்தது அவனுக்கு. முகத்தை எங்கே திருப்புவது என்று தெரியவில்லை.

பாடகர் குழுவில் இருந்த, கண் மங்கிய ஒரு பெரியம்மா அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

“சின்னவனுக்கா இப்படி ஆகணும்? இன்னும் வயசு இருக்கே!”

“சின்னவன் இல்ல பெரியம்மா. அப்பாதான்.”

“அப்போ இங்க நிக்கறது யாரு?” என்று கேட்டாள் பெரியம்மா, உண்மையாகவே தெரியாமல்.

பாட்டு முடிந்தது. போதகர் உறையைக் கிழித்தார். கடிதத்தை அதற்கு முன்பு அவரும் படித்திருக்கவில்லை என்பது இரண்டாவது வரியிலேயே தெரிந்துபோனது. குரல் இறங்கியது. ஆனால் செத்தவருக்குக் கொடுத்த வாக்கு, நிறுத்தாமல் வாசித்தார்.

“நான் ஆண்டவருக்குப் பிள்ளையைத் தருவதாகச் சொன்னேன். பிள்ளை மயிர் வெட்டப் போய்விட்டான். என்னைப் பொய்யனாக்கினான். பிள்ளையைத் தர முடியாதபடியால், அவன் நிற்கிற தரையைத் தருகிறேன். அந்தத் தரையில் உண்மையான ஊழியன் ஒருவன் எழும்புவான். இதைக் கேட்கும்படி என் மகன் அங்கே நிற்பான் என்று நம்புகிறேன்.”

இரண்டாவது வரிசையில் எதிர்க்கடைக்காரரின் பையன் வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்து தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் இந்தப் புகழ் தாங்கவில்லை போலிருந்தது.

கடிதம் முடிந்ததும் நடுவழியாக விறுவிறுவென்று வெளியே போய்விட வேண்டும் என்று சலூன்காரன் காலையிலேயே முடிவு செய்திருந்தான். மண் போட இருக்கக் கூடாது. கதவை அடித்துச் சாத்த வேண்டும். இப்போது காலை எடுத்தும் வைத்தான். நான்கு பேர் பெட்டியின் மூடியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அவர்களுக்கு வழிவிட ஒதுங்கியபோது, பெட்டிக்கு மேலாகக் குனிந்து நேராக, அப்பாவின் முகத்தை முதல்முறையாக எதிரிலிருந்து பார்ப்பது போல் பார்த்தான்.

காதோரக் கிருதா சரியாக இல்லை.

வலது பக்கம் காதின் நடுவோடு நின்றிருந்தது. அது அவன் கடை அளவு. யார் வந்தாலும் அங்கேதான் நிறுத்துவான், கை தானாக நிறுத்தும். இடது பக்கம் காதின் அடி வரை இறங்கியிருந்தது. அது எதிர்க்கடை அளவு. இரண்டு பேரும் அவரவர் பக்கத்தை அவரவர் கடையில் நிற்பது போலச் செய்திருக்கிறார்கள். மீசையைப் பார்த்த கண்ணுக்கு இது தெரியவில்லை. ஒரு விரல்கட்டை வித்தியாசம். இத்தனை பேர் குனிந்து பார்த்துவிட்டுப் போனார்கள், ஒருவரும் கவனிக்கவில்லை. மூடியைப் போட்டால் இனி எவரும் கவனிக்கப் போவதும் இல்லை.

அவன் நிமிர்ந்தான். பெட்டிக்கு அந்தப் பக்கம் எதிர்க்கடைக்காரரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒரு நிமிஷம்,” என்றான் சலூன்காரன். மூடியோடு வந்தவர்கள் நின்றார்கள்.

எதிர்க்கடைக்காரர் பைக்குள் கையை விட்டுக் கத்தியை எடுத்துப் பெட்டிக்கு மேலாக நீட்டினார். “என் பக்கம்தான் நீளம்,” என்றார் மெல்ல. “உன் அளவுக்கே கொண்டு வந்துடு.”

“தம்பி, என்ன இது, எதுவானாலும் அப்புறம்…” என்று போதகர் இறங்கி வந்தார்.

“கொஞ்சம் தண்ணி வேணும் பாஸ்டர்.”

கோயிலில் கைக்கெட்டும் தூரத்தில் இருந்த தண்ணீர், பிரசங்க மேடையில் போதகருக்காக வைத்திருந்த ஒரு கண்ணாடித் தம்ளர்தான். அவர் சபையைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். அக்கா தலையாட்டினாள். அவரே போய் எடுத்துவந்தார்.

சலூன்காரன் பெட்டியைச் சுற்றி இடது பக்கம் வந்தான். விரலை நனைத்துக் காதோரம் தடவினான். நரைத்திருந்த முடி தோலோடு ஒட்டியது. இடது கட்டைவிரலால் தோலை மேலே இழுத்துப் பிடித்து, மூன்று தரம் சின்னச் சின்னதாகக் கத்தியை இறக்கினான். பெஞ்சுகளில் இருந்த அத்தனை பேருக்கும் அந்தச் சத்தம் கேட்டது. கத்தியில் ஒட்டியதைத் தம்ளரில் அலசினான். வெற்றுக் கையால் கன்னத்தைத் துடைத்துவிட்டான். பிறகு இரண்டு அடி பின்னால் போய், தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, வலதைப் பார்த்து, இடதைப் பார்த்தான். இன்னும் ஒரு தரம் குனிந்து, காதுக்குப் பின்னால் ஒட்டியிருந்த ஒரு முடியை ஊதினான்.

“ஆச்சு,” என்றான்.

மூடியைப் பிடித்திருந்தவர்கள் நகர்ந்து வந்தார்கள். போதகர், வெள்ளை முடிகள் மிதக்கும் தம்ளரை எங்கே வைப்பது என்று தெரியாமல், இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார்.